சாலிஹ் ஓடாவியும் ஒரு நூலும்

காத்தான்குடியில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் குறுகலான ஒழுங்கை ஒன்றில் சாலிஹ் ஓடாவியின் பட்டறை இருக்கிறது. ஓடாவி என்றால் எங்கள் பக்கத்தில் தச்சர். பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாள் மெஷின் போடும் சத்தம் வீதிவரை கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் சரி. அந்த மனிதரைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்கள் என்னை ஏசும்போது அது எனக்குப் புதிதாக இருக்கக்கூடாது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வாப்பா கைத்தறியில் சாரம் நெய்தவர். மகனுக்குத் தறியில் உட்காரப் பொறுமை இல்லை, பதினாறு வயதில் மரவேலைக்குப் போய்விட்டார். இடையில் பதினொரு வருடம் கட்டாரில், ஒரு கதவுத் தொழிற்சாலையில். "ஒரு நாளைக்கு நாப்பது கதவு சேர். அதுல ஒரு கதவாவது தொறந்து மூடுறத நான் கண்ணால பாக்கல்ல" என்பார். ஊருக்குத் திரும்பி வந்ததற்கு அதைத்தான் காரணமாகச் சொல்வார். சர்க்கரை வருத்தம்தான் காரணம் என்பது அவருடைய மனைவியின் கட்சி. இப்போது அவர் செய்கிற கதவு ஒவ்வொன்றையும் தானே கொண்டுபோய்ப் பூட்டி, பத்துத் தரம் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். வீட்டுக்காரர்களுக்குச் சில நேரம் அலுத்துப்போகும்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, எந்த அளவைச் சொன்னாலும் இரண்டாம் தரம் கேட்பார். காது மந்தமோ என்று புதியவர்கள் நினைப்பார்கள். மற்றது, கேட்டதைக் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து ஒரு துண்டுப் பலகையில் எழுதிச் சுவரில் ஆணியில் மாட்டுவார். வேலை முடிந்து ஆள் சந்தோசமாகப் போகும் வரைக்கும் அந்தப் பலகை அங்கேயே தொங்கும்.

நான் குருக்கள்மடத்துக்காரன், பெயர் ரதீஸ். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். தினமும் காத்தான்குடியைத் தாண்டித்தான் போய் வர வேண்டும். எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியும் குசினிக் கதவும் சாலிஹின் கை வேலைதான். அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். இங்கே அது அண்ணன் என்பதற்குச் சமம். அவர் என்னைச் சேர் என்பார். ஆறேழு வருடப் பழக்கம்.

என்னிடம் ஒரு சிவப்பு நிற எலெக்ட்ரிக் கிற்றார் இருக்கிறது. வேலை கிடைத்த புதிதில் வாங்கியது. பெரிய வாசிப்புக்காரன் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூட விழாக்களில் வாசிப்பேன், கிறிஸ்மஸை ஒட்டி நடக்கும் ஒளிவிழாவின் பாட்டுகளுக்கு என்னை விட்டால் ஆளில்லை என்று ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் மயக்கமும் இருந்தது. கார்த்திகை வெள்ளம் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு ஏறியபோது கிற்றார் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. உடம்பு எப்படியோ தப்பிவிட்டது. கழுத்து, அதாவது விரல் வைத்து வாசிக்கிற அந்த நீண்ட பகுதி, ஊறி முறுகிப் போய்விட்டது.

"தலைக்கு வந்தது கழுத்தோட போச்சு எண்டு விடுங்க" என்றாள் என் மனைவி ஆர்த்திகா.

நான் விடவில்லை. இணையத்தில் தேடி, இருப்பதில் மலிவான சீனக் கழுத்து ஒன்றைத் தருவித்தேன். எல்லாக் கிற்றாருக்கும் பொருந்தும் என்று அதில் போட்டிருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் என்று விற்கிற சட்டை யாருக்குப் பொருந்தியது? கழுத்தின் அடிப்பாகம் உடம்பில் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார வேண்டும். இறங்கவில்லை. கொஞ்சம்தான், மயிரிழைதான் தடுத்தது. ஒளிவிழாவுக்கு இரண்டு கிழமை இருந்தது.

கிற்றாரின் உடம்பை மட்டும் ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு சாலிஹிடம் போனேன். கழுத்தை வீட்டில் வைத்துவிட்டேன், அதற்குத் தந்தி முறுக்கும் ஆணிகளைப் பூட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காக்கா, இந்தப் பள்ளத்தில ரெண்டு பக்கமும் ஒரு நூல் எடுத்து விடுங்க. அவ்வளவு காணும்."

அவர் பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். "கழுத்து எங்க சேர்? கொண்டாங்க, வெச்சுப் பாத்துச் செய்வம்."

"தேவையில்ல. நான் அளந்துதான் வந்தன்."

"கழுத்துத்தானே புதுசு? அதச் சீவினா என்ன? கதவத்தான் சீவுற சேர், நிலையச் சீவுறல்ல. நிலையில எடுத்தா மறுகா வைக்க ஏலா."

கழுத்தின் பளபளப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "சொன்னதச் செய்யுங்க காக்கா, கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு அளவு தெரியாதா?" என்று சிரித்தேன்.

"ஒரு நூலா சேர்?" வழக்கம்போல இரண்டாம் தரம் கேட்டார்.

"ஓம், ஒரு நூல்தான். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

பென்சிலை எடுத்துப் பலகையில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் உடம்பை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கழுத்தைப் பள்ளத்தில் வைத்தேன். தடையே இல்லாமல் இறங்கியது. இறங்கி, பொக்கை வாய்க்குள் நாக்குப் போல இரண்டு பக்கமும் ஆடியது. ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் வெட்டப்பட்டிருந்தது. வெட்டு என்னவோ சுத்தமான வெட்டு, ஒரு பிசிறு கிடையாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் எரிந்தது. ஆர்த்திகா பேசாமல் படுங்கள், காலையில் யோசிப்போம் என்றாள். காலையில் நான் யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் போகிற உடுப்போடு, கழுத்துப் பட்டியோடு, நேரே பட்டறைக்குள் புகுந்தேன். சாலிஹ் ஒரு கதவை மேசையில் போட்டுச் சீவிக்கொண்டிருந்தார். அவரிடம் வேலை செய்யும் மின்ஹாஜ் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கதவின் சொந்தக்காரி ஆமினா உம்மா, காலையில் இடியப்பம் அவித்து விற்கும் அறுபது வயதுப் பெண், ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளத்தில் ஊதிப்போன கதவு என்று பிற்பாடு தெரிந்தது.

நான் என்ன பேசினேன் என்று ஒரு வரி விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்திருந்தால் நல்லது. உடம்பை மேசையில் போட்டேன். காக்கா என்ற சொல் வாயில் வரவில்லை. நீங்க என்பதும் வரவில்லை.

"ஒரு நூல் எண்டா எவ்வளவு எண்டு தெரியாதா உனக்கு? நீ ஓடாவியா, விறகு கொத்துறவனா? நாசமாக்கி வெச்சிருக்கிறாய்!"

"நீங்க சொன்னதத்தான் சேர் செஞ்சன்" என்றார் சாலிஹ்.

அதில் எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. "உங்கட ஆக்களிட்ட வேல குடுத்தா இப்பிடித்தான்!"

மின்ஹாஜ் கையில் இருந்த பலகையை மெதுவாகக் கீழே வைத்தான். அவருடைய முஸ்லிம் ஊருக்கும் என்னுடைய தமிழ் ஊருக்கும் நடுவில் அந்தச் சொல் எவ்வளவு பாரம் என்று இங்கே பிறந்த எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் எத்தனை சவங்கள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் கிடந்திருக்கின்றன என்பது இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

ஆமினா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல.

"எங்கட ஆக்கள் எண்டா ஆரு மகன்? ஓடாவிமாரா?"

அந்த மனுசி எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார். ஓம் உம்மா, ஓடாவிமாரைத்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டு அதனூடாக வெளியே வந்திருக்கலாம். சாலிஹ் உடம்பின் மேலிருந்த மரத்தூளைத் துணியால் துடைத்து, துவாயில் சுற்றி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதோடு நிறுத்தினேனா? ஆசிரியர் அறையில் கதையைச் சொன்னேன். ரசித்து, கை காட்டி, நடித்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்லரத்தினம் சேர் மட்டும், "அவர் நல்ல வேலக்காரன் எண்டெல்லோ கேள்வி" என்றார். "கேள்விதான்" என்றேன் நான். ஒளிவிழாவில் வேறு ஒருவருடைய கிற்றாரை இரவல் வாங்கி வாசித்தேன். நன்றாகத்தான் போனது.

அதற்கடுத்த சனிக்கிழமை, வெள்ளத்தில் இறங்கிப்போன குசினி நிலத்தைத் திருத்த மேசன் இராசதுரை வந்திருந்தார். நூல் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு தன் ஆளிடம், "அந்தப் பக்கம் ஒரு நூல் ஏத்து" என்றார். அந்த ஆள் சாந்தை அள்ளிப் போட்டான். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன்.

"அண்ண, ஒரு நூலுக்கு இவ்வளவு சாந்தா?"

இராசதுரை அளவு நாடாவை இழுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "அங்குலத்த எட்டாப் பிரிச்சா அதுல ஒண்டு ஒரு நூல். மேசன், ஓடாவி எல்லாருக்கும் இதுதான் கணக்கு. என்ன சேர், கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாதா?"

தெரியாது. அங்குலத்தில் எட்டில் ஒன்று என்றால் மூன்று மில்லிமீற்றருக்குச் சற்று மேலே. அதை மனக்கணக்காகப் போட எனக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. நான் நூல் என்று சொன்னது தையல் நூலை. நூலிழை கனத்துக்கு உரசி எடுத்தால் போதும் என்பது என் எண்ணம். ஓடாவியிடம் போய், ஓடாவிகளின் அளவை, அது அளவு என்றே தெரியாமல் சொல்லியிருக்கிறேன். கூடவும் வேணாம் குறையவும் வேணாம் என்று வேறு சொல்லியிருக்கிறேன். அவர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிள்ளைகள் விடையில் அலகு எழுதாவிட்டால் நான் அரைப் புள்ளி வெட்டுவேன். "ஐந்து என்றால் ஐந்து என்ன? ஐந்து மீற்றரா, ஐந்து மாம்பழமா?" என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைப்பேன். அன்று குசினியில் நின்றபடி அந்தச் சிரிப்பு எனக்குக் காதில் கேட்டது.

ஆர்த்திகாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"நூல் பிழைச்சது சரி. மற்றதும் நூலால பிழைச்சதா?" என்றாள். பிறகு, "எப்ப போறீங்க?" என்றாள்.

ஒன்பது நாள் போகவில்லை. பிரதான வீதியை விட்டு வாவிக்கரைப் பாதையால் சுற்றிப் பள்ளிக்கூடம் போனேன். பெற்றோல் வீண், நேரமும் வீண். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஓடினேன், முதல் மணி அடித்த பிறகு இரண்டு நாள் உள்ளே போனேன். ஒரு மனிதனின் ஒழுங்கை முனையைத் தாண்ட வெட்கப்பட்டு ஊரையே சுற்றுகிறவன் எப்படிப்பட்டவன்? அந்த ஒன்பது நாளும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் பின்னேரம் உடம்பையும் கழுத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டறையில் நாலைந்து பேர் நின்றார்கள். வாள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, சாலிஹ் அதில் ஒரு சட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு அது வசதியாகப் பட்டது. அவருக்குப் பக்கத்தில் போய், அந்த இரைச்சலுக்குள், அவர் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரிச் சொன்னேன்.

"காக்கா, பிழை என்னிலதான். அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் சட்டத்தை முழுதாகத் தள்ளி முடித்தார். கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். இரைச்சல் இறங்கி இறங்கி ஓய்ந்தது. பட்டறையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்கல்ல சேர். என்ன சொன்னீங்க?"

உண்மையிலேயே கேட்கவில்லையா, அல்லது கேட்டுத்தான் கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எதையும் இரண்டாம் தரம் கேட்கிறவர் என்பது தெரியும். ஏசியதைச் சத்தமாக ஏசிவிட்டு மன்னிப்பை மட்டும் இரைச்சலுக்குள் ஒளித்துக் கொடுக்க வந்தவன் நான் என்பதும் அந்த அமைதியில் தெரிந்தது. திரும்பச் சொன்னேன், இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. நூல் கதையையும் சொன்னேன். மின்ஹாஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கட்டும்.

சாலிஹ் சுவரைக் காட்டினார். அங்கே அந்தப் பலகை இன்னும் தொங்கியது. *ரதீஸ் சேர். கிற்றார் பள்ளம். ரெண்டு பக்கம். 1 நூல்.*

"இத அண்டைக்கே காட்டியிருக்கலாமே காக்கா?"

"காட்டியிருந்தா பலகைக்கும் ஏச்சு விழுந்திரிக்கும்" என்றார். "வாப்பாட்டக் குடுத்திருந்தா சரியாச் செஞ்சிருப்பாரு. அவரு நெசவு. அவருக்கு நூல் எண்டா நூல்தான்."

பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, ஒரு துண்டுப் பலகையையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். "இப்ப எவ்வளவு வேணும் எண்டு சொல்லாதீங்க சேர். கீறிக் காட்டுங்க."

தொழில் முறையாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் ஆறேழு வருடம் என் வாய்ச்சொல்லைக் கேட்டு வேலை செய்தவர், இனி அதைக் கேட்டு ஒரு சிராயையும் வெட்டமாட்டார் என்பது எனக்கு விளங்கியது. கீறினேன். நேர்கோடு கீறிக் கீறியே சோறு தின்கிறவனுக்கு அந்தக் கோடு கோணியது.

மறுநாள் ஆசிரியர் அறையிலும் சொன்னேன். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பழி ஓடுகிற வேகத்தில் உண்மை நடப்பதுகூட இல்லை. நல்லரத்தினம் சேர் மட்டும் தலையை ஆட்டினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து ஊர் அடங்கியிருந்த பின்னேரம், கிற்றாரை எடுக்கப் போனேன். பள்ளத்தின் இரு சுவரிலும் தேக்குப் பட்டை ஒட்டி, கழுத்தை வைத்து வைத்து உரசி எடுத்திருந்தார். ஆணி ஒன்றும் போடாமல் கழுத்தைப் பிடித்துக் கிற்றாரைத் தூக்கிக் காட்டினார். உடம்பு விழவில்லை. பிறகுதான் துளை போட்டு, ஸ்குரூ ஆணிகளில் சவர்க்காரம் தடவி, நான்கையும் முறுக்கினார். மலிவுக் கழுத்து, திறமான வேலை. தேக்குப் பட்டையின் மஞ்சள் கோடு சிவப்புப் பூச்சின் ஓரத்தில் நன்றாகத் தெரிகிறது. நிறம் அடித்து மறைக்கட்டா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

சுவரிலிருந்து என் பலகையை அவர் கழற்றுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கழற்றவில்லை.

"சேர், ஒரு உதவி. மின்ஹாஜ் இல்ல. ஆமினா உம்மாட மத்தக் கதவும் பூட்டணும். ஒரு பக்கம் புடிப்பீங்களா?"

பிடிக்காமல் என்ன? கிற்றாரைப் பட்டறையில் வைத்துவிட்டு, கதவின் ஒரு நுனியை அவரும் மறு நுனியை நானுமாகத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால் நடந்தோம். வாசல்களில் நின்றவர்கள் பார்த்தார்கள். கதவு பாரமாக இருந்தது. அந்த வீடு கிட்டக் கிட்ட என் நடை பிந்தியது, கதவு என்னை இழுத்துக்கொண்டு போனது.

ஆமினா உம்மா முற்றத்துக்கு வந்தார். கதவை நிலைக்கு நேரே நிறுத்தி, நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள, சாலிஹ் குந்தியிருந்து பிணைச்சலைப் பொருத்தினார். அடியில் இலேசாக உரசியது. அவர் நிலையைத் தொடவில்லை, கதவின் அடியில்தான் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"ஆரு சாலிஹ் இது?" என்று கேட்டார் ஆமினா உம்மா. அவருடைய கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

"எங்கட ஆள்தான் உம்மா" என்றார் சாலிஹ், நிமிராமல்.

ஆமினா உம்மா என் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு இவரு அப்பிடிச் சொல்லல்லியே."

கதவை விட்டால் சாலிஹின் தலையில் விழும். முகத்தைப் பொத்தக் கையில்லை, போக வழியில்லை. ஆமினா உம்மா அன்று திறந்துவிட்ட வாசல் இப்போதும் திறந்துதான் இருந்தது. ஓடாவிமாரைச் சொன்னேன் என்று சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார், சிரித்துத் தேத்தண்ணியும் தருவார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"உம்மா, அண்டைக்கு நான் ஓடாவிமாரச் சொல்லல்ல" என்றேன். "உங்க எல்லாரையும்தான் சொன்னன்."

சாலிஹின் கை ஆணியில் நின்றது.

"தெரியும் மகன்" என்றார் ஆமினா உம்மா. "அதுக்குத்தானே நான் கேட்டன்." பிறகு என் கையைப் பார்த்தார். "கதவ நேராப் புடிங்க. ஒரு பக்கம் சரியிது."

நேராகப் பிடித்தேன்.